தாடி வைத்த அரசியைச் சுவரில் கண்டுபிடிப்பது எப்படி?

எகிப்தின் லக்சருக்குப் போகிறவர்கள் டெய்ர் எல்-பஹாரி கோயிலில் ஹட்ஷெப்சுட்டை முகம் பார்த்துத் தேடுகிறார்கள். அதனால்தான் தவறவிடுகிறார்கள். கி.மு. 1479 முதல் 1458 வரை என்று சொல்லப்படும் காலத்தில் எகிப்தை ஆண்ட பெண் அவர். சிற்பங்களிலோ ஒட்டுத்தாடியும் ஆண்களின் இடுப்புத் துணியுமாக நிற்பார். ஆகவே முகத்தை விட்டுவிட்டு எழுத்தைப் படியுங்கள்.

பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். நான் என் மகளின் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் வரைந்து பழகினேன். அரசர் பெயரைச் சுற்றி நீள்வட்டக் கோடு ஒன்று இருக்கும். அரசர்களுக்குப் பிறப்புப் பெயரோடு, அரியணை ஏறும்போது சூடும் அரியணைப் பெயரும் உண்டு. ஹட்ஷெப்சுட்டின் அரியணைப் பெயருக்கு உள்ளே மூன்றே படங்கள்: மேலே சூரிய வட்டம், நடுவில் தலையில் இறகு சூடி உட்கார்ந்திருக்கும் மாத் தேவி, கீழே மேல்நோக்கித் தூக்கிய இரண்டு கைகள். வரிசையாகப் படித்தால் ரா-மாத்-கா. நானும் அப்படித்தான் முதலில் படித்து, அந்தப் பெயரில் யாரும் இல்லையே என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். சூரியக் கடவுள் ராவின் பெயரை மரியாதைக்காக முன்னால் எழுதுவார்கள், படிக்கும்போது கடைசியில் சொல்வார்கள். சரியான பெயர் மாத்கரே.

அவருடைய கணவரின் மகனான மூன்றாம் துட்மோஸையும் கூடவே பழகிக்கொள்ளுங்கள். சூரியன், காய்கள் அடுக்கிய விளையாட்டுப் பலகை, வண்டு: மென்கெப்பெர்ரே. இருவரும் ஒரே காலத்தில் அரசர்கள் என்பதால் அடிக்கடி குழப்பம் வரும்.

அப்புறம் ரொட்டி. பாதி வட்டமாக, கவிழ்த்த கிண்ணம்போல ஒரு சின்னக் குறி, ஒலி 'த்'. தமிழில் மகன், மகள் என்பது கடைசி எழுத்தில் தெரிகிறதல்லவா? பழைய எகிப்தியர்களுக்கு அது இந்த ரொட்டியில் தெரியும். பிறப்புப் பெயரின் மேலே வாத்தும் சூரியனும் மட்டும் இருந்தால் 'ராவின் மகன்'. நடுவே ரொட்டி வந்தால் 'ராவின் மகள்'. ஒரு எச்சரிக்கை: அரியணைப் பெயரின் மேலே கோரைப்புல், தேனீ ஆகியவற்றோடு வரும் ரொட்டிகள் எல்லா அரசர்களுக்கும் உண்டு; அவற்றைக் கணக்கில் எடுக்காதீர்கள். எகிப்தியப் பட எழுத்தைப் படித்துக் காட்டிய, 1829-இல் இந்தக் கோயிலுக்கு வந்த ஷாம்போலியனையும் இதுதான் திகைக்க வைத்தது. தாடி வைத்த அரசர், பக்கத்தில் பெண்பால் சொற்கள்!

கோயில் கிழக்கு நோக்கியது, அதனால் காலையிலேயே போய்விடுங்கள். சாய்ந்த வெயிலில்தான் வெட்டுக்கோடுகள் நிழல் விழுந்து தெரியும். மனிதர்களும் பறவைகளும் எந்தப் பக்கம் பார்க்கிறார்களோ அந்தப் பக்கத்திலிருந்து படிக்க வேண்டும். நடுத்தளத்தில் இடப்பக்க மண்டபத்துக்கு முதலில் போங்கள். புந்த் நாட்டிலிருந்து சாம்பிராணி மரங்களை வேரோடு கூடையில் வைத்துக் கப்பலேற்றும் காட்சி அங்கே. வலப்பக்கம் அவருடைய பிறப்புக் கதை: க்னூம் கடவுள் குயவர் சக்கரத்தில் குழந்தையை வனைகிறார். குழந்தை ஆண் உருவம்.

வெறும் உளித் தழும்பாக, ஆள் வடிவில் ஒரு பள்ளம் தெரிந்தால் அவசரமாகக் கடக்காதீர்கள். பெரும்பாலும் அது அவர்தான். சில இடங்களில் அவர் பெயரைச் செதுக்கி எடுத்துவிட்டு அவருடைய தந்தை முதலாம் துட்மோஸ் அல்லது கணவர் இரண்டாம் துட்மோஸின் பெயரைப் போட்டிருப்பார்கள். பக்கத்தில் ரொட்டி தப்பியிருக்கிறதா என்று பாருங்கள். சிற்றன்னை மீது மூன்றாம் துட்மோஸுக்குக் கோபம், அதனால் அழித்தார் என்று வழிகாட்டிகள் சொல்வார்கள். எனக்கு ஒப்பவில்லை. அழிப்பு தொடங்கியது அவர் இறந்து ஏறத்தாழ 20 ஆண்டுகளுக்குப் பிறகு; கோபம் அவ்வளவு நாள் காத்திருக்காது.

மாலையில் நைல் ஆற்றைக் கடந்து கர்னாக் கோயிலுக்குப் போங்கள். அவர் நிறுத்திய ஒற்றைக்கல் தூண் இன்னும் நிற்கிறது, கிட்டத்தட்ட 30 மீட்டர். அண்ணாந்து படிப்பது கடினம். அதன் ஜோடி விழுந்து உடைந்துவிட்டது. நுனித் துண்டு புனிதக் குளத்தின் அருகே கிடந்தது; 2022-இல் அதை அங்கேயே நிமிர்த்தி நிறுத்தினார்கள். சிவப்புக் கருங்கல்லில், சூரியனும் இறகும் தூக்கிய கைகளும். நோட்டை எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.