உயில் எழுத வக்கீலிடம் போகும்முன்

சொத்து இருக்கும் ஊரிலேயே சிவில் வழக்கு பார்க்கும் வக்கீலாகப் பிடியுங்கள். தாய்ப்பத்திரம் (சொத்தின் பழைய மூலப் பத்திரம்), பட்டா, வில்லங்கச் சான்று (சொத்தின் மீது பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டுவது) மூன்றையும் கேட்காதவர் வேண்டாம். வரைவு, திருத்தம், பதிவுக்கு உடன் வருவது எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று முதலிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, வெள்ளைத்தாளே போதும். பதிவும் கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். வக்கீல் ‘உயிலுக்குப் பதில் செட்டில்மென்ட் போட்டுவிடலாம்’ என்றால், அதாவது இப்போதே சொத்தை எழுதிக் கொடுத்துவிடச் சொன்னால், நிதானியுங்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் என்றால் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், உச்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணத்துக்கு உச்சம் 10,000. அதைவிட, சொத்து அன்றே கைமாறிவிடும். உயிலையோ கடைசிவரை மாற்றலாம்.

பல உயில்கள் சறுக்குவது சாட்சியில்தான். நீங்கள் கையெழுத்திடுவதை இருவர் கண்ணால் பார்த்து, உங்கள் முன்னிலையிலேயே கையெழுத்திட வேண்டும். பின்னாளில் கோர்ட்டில் ஒருவராவது வந்து சொல்ல வேண்டியிருக்கும். அதனால் உங்களைவிட இளையவர்களாக, சொத்தில் பங்கில்லாதவர்களாகப் பாருங்கள்.