ஓடாமல் நிற்கும் பெட்ரோல் கோல்ஃப் வண்டி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரியிலிருந்து கடலூர் வரையிலான கடற்கரை விடுதிகளில் விருந்தினரையும் பெட்டிகளையும் ஏற்றிச் செல்லும் சிறு வண்டிகளை, உள்ளே இருப்பது மோட்டாரா எஞ்சினா என்று பாராமல், 'பேட்டரி கார்' என்றே அழைப்பது வழக்கமாகிவிட்டது. தவறு அந்தப் பெயரிலேயே தொடங்குகிறது. 'பேட்டரி கார் நின்றுவிட்டது' என்று தொலைபேசியில் சொன்னால் சார்ஜரைத் தூக்கிக்கொண்டு எலக்ட்ரீஷியன் வருவார். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் அங்கே கார்புரேட்டரும் பெல்ட்டும் இருக்கும். ஆகவே, நிற்பது பெட்ரோல் வண்டி என்பதையும், நின்றபோது அது என்ன சத்தம் கொடுத்தது என்பதையும் முதலில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெரும்பாலான பெட்ரோல் கோல்ஃப் வண்டிகளில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் ஓடாது. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போதுதான் அதனடியில் உள்ள சிறு சுவிட்ச், பேட்டரியின் மின்சாரத்தை ஸ்டார்ட்டருக்குத் திறந்துவிடும் மின்சுவிட்சான சொலினாய்டுக்கு மின்சாரம் அனுப்பி, செல்ஃப் எடுக்கும். காலை எடுத்தால் எஞ்சினும் நின்றுவிடும். காரோட்டிப் பழகியவர்கள் இதை அறியாமல் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, சாவி சுவிட்ச் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறார்கள்.

மிதித்ததும் 'டக்' என்ற சத்தம் மட்டும் வந்து எஞ்சின் சுற்றாமல் இருந்தால், உடனே புதிய பேட்டரி வாங்குவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இந்த வண்டிகளில் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டரும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஜெனரேட்டரும் ஒரே கருவிதான். அது எஞ்சினோடு ஒரு சிறிய பெல்ட்டால் இணைக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பெல்ட் தளர்ந்திருந்தால் எஞ்சின் சரியாகச் சுற்றாது, பேட்டரியும் சார்ஜ் ஏறாது. சின்ன வீராம்பட்டினம் பக்கத்தில் ஒரு விடுதியில் அடுத்தடுத்து இரண்டு பேட்டரிகளை மாற்றிய பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்; பெல்ட்டை இறுக்கியதும் வண்டி ஓடியது, கழற்றிப்போட்ட பழைய பேட்டரியும் சார்ஜ் போட்டபின் நன்றாகவே இருந்தது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், முழுச் சார்ஜ் உள்ள 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் எடுக்கும்போது அது 10 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே இறங்கினால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கும் முன்னால் டெர்மினல்களைப் பாருங்கள். உப்புக்காற்றில் அவை வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துப்போயிருக்கும். வண்டிச் சட்டத்தோடு (சேஸிஸ்) இணையும் ஏர்த் வயரின் போல்ட்டும் துருவேறியிருக்கும். சமையல் சோடா கலந்த நீரால் கழுவித் துடைத்து இறுக்கினாலே பல வண்டிகள் உயிர் பெற்றுவிடுகின்றன.

சொலினாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூ டிரைவரால் தொட்டு எஞ்சினைச் சுற்றவைப்பது நம் ஊர் மெக்கானிக்குகளின் கைப்பழக்கம். பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும் என்பது ஒருபுறமிருக்க, கியர் போட்டபடி எஞ்சின் பிடித்துவிட்டால் வண்டி முன்னால் நிற்பவர்மீது பாயும்.

எஞ்சின் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால், சோக்கை இழுத்து இழுத்துப் பிளக்கைப் பெட்ரோலில் நனைப்பதும், கார்புரேட்டர் வாயில் பெட்ரோலை ஊற்றுவதும் கூடாது. பெட்ரோல் போகும் வழியைத் தொட்டியிலிருந்து வரிசையாகப் பாருங்கள். வண்டி பத்து நிமிடம் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மீண்டும் ஓடினால் தொட்டி மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால், மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது என்று பொருள். பெட்ரோல் பம்ப்புக்கும் எஞ்சினுக்கும் இடையே ஒரு மெல்லிய ரப்பர் குழாய் இருக்கும். எஞ்சினுக்குள் எழும் அழுத்த மாற்றமே அதன் வழியாகப் பம்ப்பை இயக்குகிறது. அதில் விழுந்த வெடிப்பைக் கவனிக்காமல் கார்புரேட்டரைக் கழற்றிப் பிரித்துப்போட்டவர்கள் பலர். இப்போது விற்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலந்திருக்கிறது. அது ஈரத்தை இழுப்பதால், மழைக்காலம் முழுவதும் தொட்டியில் கிடந்த பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றுவதே நல்லது.

எஞ்சின் உறுமுகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்பதுதான் அதிகச் செலவில் கொண்டுபோய் விடும் நிலை. இங்கே செய்யும் முதல் தவறு, இன்னும் அழுத்தி மிதிப்பது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது பெய்ததுபோன்ற பெருமழைக்குப் பின், ஹேண்ட் பிரேக் போட்டபடி சில நாட்கள் நின்ற வண்டியில், பிரேக் ஷூ துருப்பிடித்த டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சக்கரம் பூட்டிக் கிடக்க எஞ்சின் சுற்றினால், எஞ்சினின் விசையைச் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் டிரைவ் பெல்ட் (முன்பு சொன்ன ஸ்டார்ட்டர் பெல்ட் வேறு) ஒரே இடத்தில் உரசித் தீய்ந்து, அந்த இடம் மட்டும் மெலிந்துவிடும். பின்பு பிரேக்கை விடுவித்தாலும், ஒவ்வொரு சுற்றிலும் 'தட் தட்' என்று வண்டி உதறும்.

ஆகவே முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, நியூட்ரலில் பின்சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். தடையின்றிச் சுற்றினால் அடுத்தது டிரைவ் பெல்ட். அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் பளபளத்தாலோ, நூல் பிரிந்திருந்தாலோ மாற்ற வேண்டியதுதான். வழுக்குகிறது என்று ஏதேனும் தடவுவதும், கீச்சிடுகிறது என்று கிரீஸ் வைப்பதும் அதை அங்கேயே கொன்றுவிடும். மாவு மில்லுக்குப் போடும் வி பெல்ட்டில் நீளம் பொருந்துவதைத் தேடி மாட்டுவதும் வீண். இந்தப் பெல்ட்டின் அகலமும் சரிவுக் கோணமும் வேறு.

பெல்ட் நன்றாக இருந்தும் வண்டி நகராவிட்டால், அதன் இரு முனைகளிலும் உள்ள கிளட்ச்சுகளில் எஞ்சின் பக்கத்துக் கிளட்ச்சைப் பாருங்கள். வேகம் கூடும்போது அதனுள் இருக்கும் எடைகள் விரிந்து, இரு தட்டுகளையும் நெருக்கிப் பெல்ட்டைப் பிடிக்கவைக்கும்; துருவேறிய தண்டில் தட்டு நகராமல் நின்றால், எஞ்சின் எவ்வளவு கத்தினாலும் பெல்ட் சும்மாவே கிடக்கும். அதையும் பிரிக்கும் முன், பேட்டரி வயரைக் கழற்றியபடியே கியரை முன்னோக்கிப் போட்டு, இருவராகப் பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திசையில் சுற்றுங்கள். பெல்ட்டின் மறுமுனையில், கியர்பெட்டியோடு இணைந்த பின்பக்கக் கிளட்ச்சும் கூடவே சுற்றினால் கோளாறு எஞ்சின் பக்கத்தில்; சுற்றாவிட்டால் கியர் கேபிள், கியர்பெட்டி, அச்சு ஆகிய மூன்றில் ஒன்றில்தான் இருக்கிறது. அவற்றில் கேபிளை முதலில் பாருங்கள்; அதன் முனை கழன்றிருந்தால் ஒரு பின் போட்டாலே வண்டி நகர்ந்துவிடும்.