மாயக் கதையைக் கையில் கொடுத்துவிட்டு நாம் செய்யும் தவறுகள்

என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. ஒரு டிராகன் கதையில் மூழ்கிக் கிடந்தவள் திடீரென்று எழுந்து ஓடி வந்து, "அப்பா, அந்தக் கிழவிதான் டிராகன்!" என்றாள். கண்ணெல்லாம் விரிந்திருந்தது. நானோ செய்தித்தாளிலிருந்து தலையை நிமிர்த்தி, "சரி, இந்தக் கதையிலிருந்து என்ன தெரிஞ்சுக்கிட்டே?" என்று கேட்டு வைத்தேன். ஒரு நிமிடம் யோசித்தாள். "பொய் சொல்லக் கூடாது" என்றாள். திரும்பிப் போய்விட்டாள். பக்க அடையாளத்துக்கு வைத்த ரிப்பன் அடுத்த மூன்று வாரமும் அதே இடத்தில் கிடந்தது.

எட்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு எழுதப்படும் ஃபேன்டசி என்னும் மாயக் கதைகளையும் சாகச நாவல்களையும் ஆங்கிலப் பதிப்புலகில் 'மிடில் கிரேடு' என்கிறார்கள். இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் பிள்ளைகள் அதிகம் தவறு செய்வதில்லை. படிக்கக் கொடுக்கும் நாம்தான் செய்கிறோம். அதில் முதலிடம் நான் செய்ததற்கு: கதையைக் கேள்வித்தாளாக மாற்றுவது. ஓடி வந்து சொன்னவளிடம் நான் கேட்டிருக்க வேண்டியது, "அப்படியா! உனக்கு எப்போ சந்தேகம் வந்துச்சு?" என்று. அது ஒரு வாசகர் இன்னொரு வாசகரிடம் கேட்கும் கேள்வி. நான் கேட்டது வாத்தியார் கேள்வி. நீதி கதைக்குள் இருந்தால் அது தானாக உள்ளே போகும், நாம் கரண்டியில் எடுத்து ஊட்ட வேண்டியதில்லை.

இரண்டாவது, "போர் அடிக்குது" என்று பிள்ளை சொன்னதும் புத்தகத்தை மாற்றிவிடுவது. ஃபேன்டசி நாவலின் முதல் முப்பது, நாற்பது பக்கங்கள் பெரியவர்களுக்கே கடினம். பள்ளிக்கூடக் கதை என்றால் பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் என்று யாரும் விளக்க வேண்டாம். இங்கே ஊர் புதுசு, பெயர்கள் புதுசு, மந்திரம் எப்போது பலிக்கும், எப்போது பலிக்காது என்ற விதியும் புதுசு. அத்தனையும் மண்டையில் ஏறும் முன் கதை நகர்ந்துவிடும். "போர் அடிக்குது" என்பதற்குப் பெரும்பாலும் "பிடிபடவில்லை" என்றுதான் அர்த்தம். முதல் இரண்டு அத்தியாயங்களை நீங்களே சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பெயர்களை ஒருவர் வாயால் கேட்டுவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. உச்சரிப்பு சரியா என்று கவலைப்பட வேண்டாம். எழுதியவர் எதிரே உட்கார்ந்திருக்கப் போவதில்லை.

வாசிக்கவே சிரமப்படும் பிள்ளைக்கு இத்தனை தடிமனான புத்தகம் ஆகாது என்று ஒதுக்குவதும் இதே வகைத் தவறுதான். கிரேக்கக் கடவுள்களை இன்றைய அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த பெர்சி ஜாக்சன் வரிசையின் முதல் நாவல் 2005-ல் வந்தது. அதை எழுதிய ரிக் ரியோர்டன் தன் மகனுக்குத் தூங்கும் நேரக் கதையாகத்தான் சொல்ல ஆரம்பித்தார். மகனுக்கு டிஸ்லெக்சியாவும் (எழுத்துகளைப் படிப்பதில் வரும் சிரமம்) ஏடிஎச்டியும் (கவனம் நிலைக்காமை, துறுதுறுப்பு) இருந்தன. கதாநாயகனுக்கும் அவை இரண்டையும் கொடுத்து, அவற்றையே வீரனுக்குரிய லட்சணமாக ஆக்கிவிட்டார். காதால் கேட்டாலும் அது வாசிப்புதான். ஒலிப்புத்தகத்தைக் குறுக்குவழி என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் அகராதி. தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று பொருள் பார்க்கச் சொல்வது எந்தக் கதையையும் சாகடிக்கும், ஃபேன்டசியை இன்னும் வேகமாக. ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கு, ஐந்தும் மடங்கினால் புத்தகம் உனக்குக் கடினம் என்று ஒரு விரல் கணக்கு உண்டு. மற்ற புத்தகங்களுக்கு அது ஓரளவு சரி. இங்கே அந்த ஐந்தில் மூன்று எழுத்தாளரே உருவாக்கிய சொல்லாக இருக்கும். அது உங்களுக்கும் தெரியாது, அகராதிக்கும் தெரியாது. பத்துப் பக்கம் போனால் கதையே சொல்லிவிடும்.

புத்தகத்தின் முன்பக்க வரைபடத்தை அலங்காரம் என்று புரட்டிவிட்டுப் போகாதீர்கள். 1881-ல் ஸ்காட்லாந்தில் விடாத மழைக்காலம். ராபர்ட் லூயி ஸ்டீவன்சனும் பதின்மூன்று வயது வளர்ப்பு மகனும் வீட்டுக்குள் அடைபட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தபோது உருவானது ஒரு தீவின் படம். 'புதையல் தீவு' அந்தப் படத்திலிருந்து வளர்ந்த கதை. 1883-ல் புத்தகமாக வரும்போது, பதிப்பாளருக்கு அனுப்பிய மூலப்படம் வழியில் தொலைந்துபோக, தன் கதையையே தோண்டித் தோண்டிப் பார்த்துத் தீவைத் திரும்ப வரைய வேண்டியதாயிற்று. பிள்ளை கையில் ஒரு பென்சிலைக் கொடுத்து, கதாநாயகன் போகும் வழியைப் படத்தில் கோடாகப் போடச் சொல்லுங்கள். புத்தகம் கெட்டுப்போகும் என்று பயந்தால் ஒரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.

வயது முத்திரையைப் பற்றி ஒரு வேடிக்கையான விஷயம். 1937-ல் வெளியான டோல்கீனின் ஃபேன்டசி நாவல் 'ஹாபிட்' அச்சுக்குப் போகும் முன், பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின் கையெழுத்துப் பிரதியைத் தன் பத்து வயது மகனிடம் கொடுத்துக் கருத்து கேட்டார். கூலி ஒரு ஷில்லிங். நல்ல கதை, ஐந்திலிருந்து ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று அந்தப் பெரிய மனிதர் எழுதிக் கொடுத்தார். இன்றைக்கு அந்தப் புத்தகத்தைப் பாட்டன்மார்கூடப் படிக்கிறார்கள். அட்டையில் இருக்கும் எண் அலமாரி அடுக்குவதற்கு உதவும். எட்டு வயதுக்காரனும் பன்னிரண்டு வயதுக்காரியும் ஒரே ஆளா என்ன? ஒன்றை மட்டும் கவனித்திருக்கிறேன்: பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்த நாயகனைத்தான் விரும்புகிறார்கள்.

தொடர் நாவல்களில் வரிசை முக்கியம். சி.எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா என்ற மாய உலகத் தொடரில் ஏழு புத்தகங்கள், 1950-லிருந்து 1956 வரை வந்தவை. ஆறாவதாக வந்த புத்தகம் கதைப்படி எல்லாவற்றுக்கும் முந்தியது என்பதால், இப்போதைய பதிப்புகள் அதற்கு 1 என்று எண் போடுகின்றன. அதிலிருந்து தொடங்கினால், பனிக்காட்டின் நடுவே ஒரு விளக்குக் கம்பம் ஏன் நிற்கிறது என்ற கேள்வி வரும் முன்பே பதில் வந்துவிடும். எழுதிய லூயிஸே ஒரு சிறுவனுக்கான கடிதத்தில் கதை நடக்கும் வரிசையை ஆதரித்திருக்கிறார். இருக்கட்டும், இந்த விஷயத்தில் நான் அவர் கட்சி இல்லை. வெளிவந்த வரிசையில் படிப்பதே சுகம்.

பெற்றோர் பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. "இந்தக் கதைகளில் எல்லாப் பிள்ளைக்கும் அப்பா அம்மா இல்லை. ராத்திரியில் சொல்லாமல் கிளம்பிப் போகிறார்கள். இது நல்ல முன்மாதிரியா?" என்கிறார்கள். அம்மா பக்கத்தில் இருந்தால் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதை முடிந்துவிடும், அதனால்தான். சுரங்கத்துக்குள் இறங்கலாமா என்ற முடிவைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தனியாக எடுக்க வேண்டுமென்றால், பெரியவர்களை எங்காவது அனுப்பியாக வேண்டும். அநாதை நாயகன் என்பது கதை கட்டுவதில் ஒரு வசதி. பெற்றோர் மீது கோபம் எதுவும் இல்லை. பயமும் அப்படித்தான். வில்லனுக்குப் பல் பிடுங்கிவிட்டால் வீரனுக்கு வேலை இல்லை. திரையில் வரும் பயங்கரம் தன் வேகத்தில் மேலே வந்து விழும். புத்தகத்தில் வேகம் பிள்ளையின் கையில்: மூடி வைக்கலாம், வரிகளைத் தாண்டிக் குதிக்கலாம், பகல் வெளிச்சத்தில் தொடரலாம். அத்தியாயம் முடியும் இடமெல்லாம் ஆபத்தில்தான் முடியும் என்பதால் இரவில் அங்கே நிறுத்தாதீர்கள். அடுத்த அத்தியாயத்தில் ஆள் பிழைத்த பிறகு விளக்கை அணையுங்கள்.

எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்ற பிடிவாதமும் வேண்டாம். பிரெஞ்சு எழுத்தாளர் தானியல் பென்னாக் 1992-ல் வாசகரின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பக்கம் தாண்டும் உரிமை, முடிக்காமல் விடும் உரிமை, திரும்பப் படிக்கும் உரிமை எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னதைத்தான் நாம் கிண்டல் செய்து கெடுக்கிறோம்: "படிச்சதையே எத்தனை தடவை படிப்பே?"

என் மகள் அந்த டிராகன் கதையைப் பிறகு தானாகவே எடுத்து முடித்தாள். முடித்த கையோடு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் புத்தகத்தை என் மடியில் வைத்து, பென்சிலால் அடிக்கோடிட்ட ஒரு வரியைக் காட்டினாள். ஆரம்பத்திலேயே, அந்தக் கிழவி அடுப்பில் கொதிக்கும் பானையைத் துணி இல்லாமல் வெறுங்கையால் இறக்கி வைக்கிறாள். "பாருங்கப்பா, அப்பவே சொல்லிட்டாங்க. நான்தான் கவனிக்கல."