தையல் மெஷினால் வரையும் வாழ்த்து அட்டைகள்

சாதாரணத் தையலில் துணியை இழுத்துச் செல்வது மெஷினின் பல். அந்தப் பல்லை இறக்கிவிட்டால் ஊசி நின்ற இடத்திலேயே ஏறி இறங்கும். துணியை எந்தப் பக்கம் நகர்த்துகிறோமோ அந்தப் பக்கம் கோடு விழும். பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு தாளை நகர்த்தி எழுதுவது போன்ற வேலை இது. ஃப்ரீ மெஷின் எம்ப்ராய்டரி என்று பெயர். தனியாக எம்ப்ராய்டரி மெஷின் வாங்க வேண்டியதில்லை, நேர்த்தையல் போடும் மெஷினே போதும். கை பழகுவதற்கு வாழ்த்து அட்டையும் துண்டுத் துணி கொலாஜும் நல்ல அளவு. கெட்டுப்போனாலும் உள்ளங்கை அகலத் துணிதான் போகும்.

மெஷினில் மாற்ற வேண்டியவை

பல்லை இறக்க ஒரு நெம்போ குமிழோ இருக்கும். இல்லாத மெஷின்களில் பல்லின் மேல் ஒரு மூடித் தகடு பொருத்துவார்கள். அதுவும் இல்லையென்றால் தையல் நீளத்தை 0-இல் வைத்துவிடுங்கள். பல் மேலும் கீழும் ஆடும், ஆனால் துணியைத் தள்ளாது.

துணியை அமுக்கிப் பிடிக்கும் வழக்கமான ஃபுட்டைக் கழற்றிவிட்டு ஸ்பிரிங் உள்ள டார்னிங் ஃபுட்டை மாட்ட வேண்டும். ஊசி இறங்கும்போது அது துணியை அமுக்கும், ஏறும்போது விட்டுவிடும். பக்கவாட்டில் கம்பிக் கை உள்ள வகையானால், அந்தக் கை ஊசித் திருகுக்கு மேலே உட்கார வேண்டும். கீழே மாட்டினால் ஃபுட் எழும்பாது, துணியும் நகராது.

ஊசி 90/14, எம்ப்ராய்டரி அல்லது டாப்ஸ்டிச் வகை. இவற்றின் கண் பெரிது, நூல் உரசிப் பிசிறாது. மேலே 40 எண் ரேயான் அல்லது பாலியஸ்டர் எம்ப்ராய்டரி நூல், பாபினில் 60 எண் மெல்லிய நூல். மேல் டென்ஷன் (மேல் நூலின் இறுக்கம்) வழக்கமாக 4-இல் இருந்தால் 3 அல்லது 2.5-க்குக் குறையுங்கள். நூல்கள் பின்னும் முடிச்சு துணிக்கு அடியில் போய்விட வேண்டும் என்பதுதான் நோக்கம்.

துணி இறுக்கமாக நெய்த காட்டனாக இருக்கட்டும். அதன் அடியில், துணி சுருங்காமல் தாங்கும் ஸ்டெபிலைசர் ஒன்று, தைத்து முடித்ததும் கிழித்தெடுக்கும் வகை. 18 செ.மீ. வளையத்துக்கு 24 செ.மீ. சதுரத் துணி வெட்டிக்கொள்ளலாம். வளையம் மாட்டுவது கை எம்ப்ராய்டரிக்கு நேர்மாறு: பெரிய வளையம் கீழே, அதன்மேல் துணி, சின்ன வளையத்தை மேலிருந்து அழுத்த வேண்டும். அப்போதுதான் துணி மெஷின் தகட்டோடு ஒட்டிக் கிடக்கும். சுண்டினால் மேளத்தோல் போல ஒலிக்க வேண்டும்.

கை, கால், வேகம்

தைக்கத் தொடங்குமுன் ஃபுட் நெம்பைக் கீழே இறக்கியாயிற்றா என்று பாருங்கள். டார்னிங் ஃபுட் துணிக்குச் சற்று மேலேயே நிற்பதால் இறக்கியது போலவே தோன்றும். இறக்காவிட்டால் மேல் நூலுக்கு டென்ஷனே கிடைக்காமல், அடியில் குருவிக்கூடு கட்டிவிடும். புதிதாகப் பழகுகிறவர்களின் சிக்கல்களில் பாதி இதுதான்.

கைச்சக்கரத்தை ஒரு சுற்று சுற்றி பாபின் நூலை மேலே இழுங்கள். இரண்டு நூல்களையும் பிடித்தபடி அதே இடத்தில் 3, 4 தையல் போட்டு, வால்களை நறுக்கிவிட்டுக் கிளம்புங்கள். நிறுத்தும்போதெல்லாம் ஊசி துணிக்குள் இருக்கட்டும்.

தையலின் நீளத்தை இனி மெஷின் தீர்மானிப்பதில்லை. காலின் வேகமும் கையின் வேகமும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன. பயத்தில் பெடலை மெதுவாக மிதித்து, கையை வேகமாக இழுப்பதுதான் பொதுவான தவறு. தையல் 5 மி.மீ.க்கு நீண்டு, ஊசி வளைந்து, தகட்டில் மோதி ஒடியும். மாற்றிச் செய்யுங்கள்: காலில் வேகம், கையில் நிதானம். தையல் 1.5 முதல் 2 மி.மீ. வந்தால் கோடு வழுவழுப்பாக ஓடும். வளையத்தைத் திருப்பவும் கூடாது. படம் உங்களைப் பார்த்தபடியே இருக்க, மேலே, கீழே, பக்கவாட்டில் மட்டும் நகர்த்துங்கள். விரல்கள் வளையத்தின் விளிம்பிலேயே இருக்கட்டும்.

கொலாஜ்

அட்டை A5 அளவு, மடித்தால் 105 × 148 மி.மீ. அதன் முகப்புக்கு 8 × 11 செ.மீ. படம் போதும். துண்டுத் துணிகளின் பின்புறம் இருபக்கமும் ஒட்டும் ஃப்யூசிபிள் வெப்பை (காகிதத்தோடு வரும், சூட்டில் உருகும் பசைப் படலம்) தேய்த்து ஒட்டுங்கள். வடிவத்தை அதன் காகிதப் பக்கத்தில் வரைந்து வெட்டுவதால் இடவலம் மாறிவிடும். வீட்டுக்கும் மரத்துக்கும் இது பொருட்டில்லை, எழுத்தாக இருந்தால் கண்ணாடிப் பிம்பமாக வரைந்தாக வேண்டும். நீராவி வேண்டாம். சூடு ஆறியபின் காகிதத்தை உரியுங்கள். சூட்டோடு உரித்தால் பசையும் சேர்ந்து வந்துவிடும்.

தொலைவில் இருப்பதை முதலில் வையுங்கள், முன்னால் வருவது 3, 4 மி.மீ. ஏறிப் படியட்டும். ஆர்கன்சா, நெட் போன்ற மெல்லிய துணிகள் சூட்டில் சுருங்கும். மேலே கேக் சுடும்போது விரிக்கும் பேக்கிங் பேப்பர் போட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு ஒவ்வொரு துண்டின் விளிம்புக்கும் 2 மி.மீ. உள்ளே கறுப்பு அல்லது அடர் பழுப்பு நூலால் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்று முதல் கோட்டின் மேலேயே விழ வேண்டும் என்று மெனக்கெடாதீர்கள். அங்கங்கே விலகி ஓடினால்தான் பென்சிலில் கிறுக்கிய உயிர்ப்பு வரும். பிசிறில்லாத கோடு வேண்டுமென்றால் அதற்கு வேறு தையல் இருக்கிறது.

பெயர் எழுதுதல்

இஸ்திரி வேலை எல்லாம் முடிந்த பிறகே பெயரை வரையுங்கள். நீரில் அழியும் பேனாவின் கோடு சூடு பட்டால் சில துணிகளில் நிலைத்துவிடும். சூட்டில் மறையும் பேனாவோ இன்னும் மோசம், கடுங்குளிரில் கோடு திரும்பி வரலாம்.

தமிழ் எழுத்துகள் ஒன்றோடொன்று சேராதவை; எனவே இரண்டு வழி. அடிக்கோடு போலக் கீழே ஒரு வரி ஓட்டி, ஒவ்வொரு எழுத்துக்கும் அதிலிருந்து ஏறி இறங்கலாம். அல்லது ஒவ்வொரு எழுத்தையும் முடித்து, நூலை அறுக்காமல் தாவி, இடைநூல்களைக் கடைசியில் நறுக்கலாம். அப்படியானால் ஒவ்வொரு எழுத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் நின்ற இடத்தில் 3 தையல் வேண்டும், இல்லையேல் பிரிந்துவிடும். எழுத்தின் உயரம் 15 மி.மீ.க்குக் குறைய வேண்டாம். ‘ண’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் 3 மி.மீ.க்குச் சிறுத்தால் நூலால் அடைத்துக்கொள்ளும். புள்ளிக்கு ஒரே இடத்தில் 5, 6 தையல். தேதிக்கு எண்கள் எளிது. 8-ஐ ஒரே ஓட்டமாக எழுதலாம்.

ஈரப் பஞ்சால் ஒற்றிக் கோட்டை அழித்து, காய்ந்தபின் துவாலை மேல் கவிழ்த்து, பின்புறமாகத் தேய்த்தால் தையல் நசுங்காது.

கோளாறு காட்டும் குறிகள்

பாபின் நூல் மேலே புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம். தையல் விட்டுவிட்டு விழுந்தால் துணி தொளதொளப்பாக ஊசியோடு எழும்புகிறது, அல்லது ஊசி மழுங்கிவிட்டது. நூல் அடிக்கடி அறுந்தால் முதலில் நூலை முழுதும் உருவி மறுபடி கோத்துப் பாருங்கள், பிறகுதான் மற்றதெல்லாம். ஜரிகை நூல் என்றால் வேகத்தையும் குறைக்க வேண்டும். துணி சுருங்கி இழுத்தால் ஓரிடத்தில் தையல் மிகுந்துவிட்டது, இன்னொரு அடுக்கு ஸ்டெபிலைசர் கேட்கிறது.

அட்டையில் பொருத்துதல்

250 முதல் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம்) அட்டை நன்றாகத் தாங்கும். தண்ணீர்ப் பசை துணியில் ஊறி அட்டையையும் நெளியவைக்கும். இருபக்க டேப்பே மேல். தைத்துப் பொருத்த விரும்பினால் பல்லை ஏற்றி, வழக்கமான ஃபுட்டை மாட்டி, தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ. வையுங்கள். அதைவிடக் குறைந்தால் துளைகள் வரிசையாகி, தபால்தலை ஓரம் போல அட்டை கிழியும். ரிவர்ஸ் தையலும் கூடாது; நூல் வால்களைப் பின்னுக்கு இழுத்து முடிச்சிடுங்கள். உட்புறம் தெரியும் தையலை மறைக்க, சற்றுச் சிறிய தாளை மடித்து உள்ளே ஒட்டலாம். இந்த அட்டைக்கு 114 × 162 மி.மீ. C6 உறை பொருந்தும். அட்டையில் ஓடிய ஊசி மழுங்கியிருக்கும். அதைத் தனியே எடுத்து வையுங்கள், துணிக்கு மறுபடி மாட்ட வேண்டாம்.