வேகம், தொலைவு, எரிபொருள் கணக்குகளைப் போடும் முறை

வேகக் கணக்கைப் படித்ததும் முதலில் ஒவ்வோர் எண்ணின் பக்கத்திலும் அதன் அலகை எழுதிக்கொள்ள வேண்டும். மதுரையிலிருந்து ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவிலுள்ள மேலூருக்கு ஒரு பேருந்து 45 நிமிடத்தில் சென்றால், 45 நிமிடத்தை 0.45 மணி என்று எழுதிவிடுவோர் பலர். அது முக்கால் மணி, ஆகவே வேகம் மணிக்கு 40 கி.மீ.

ரயில் கணக்குகளில் நீளம் மீட்டரிலும் காலம் வினாடியிலும் இருக்கும். 1,000 மீட்டரை 3,600 வினாடியால் வகுத்தால் கிடைப்பது 5/18 என்பதால், மணிக்கு 72 கி.மீ. என்பது வினாடிக்கு 20 மீட்டர் ஆகிறது. 180 மீட்டர் நீளமுள்ள ரயில் 220 மீட்டர் பாலத்தை முழுதாகக் கடக்க 400 மீட்டர் ஓட வேண்டும். எனவே 20 வினாடி பிடிக்கும்.

சராசரியில்தான் மதிப்பெண் போகிறது. மதுரையிலிருந்து கொடைக்கானலுக்கு 120 கி.மீ. என்றும், ஒரு வேன் போகும்போது மணிக்கு 40 கி.மீ., திரும்பும்போது 60 கி.மீ. வேகத்தில் ஓடுவதாகவும் கொள்வோம். (உண்மையில் வத்தலக்குண்டைத் தாண்டிய பிறகே ஏற்றம் தொடங்குகிறது, வினாத்தாள் அதைக் கண்டுகொள்வதில்லை.) போக 3 மணி, வர 2 மணி, மொத்தம் 240 கி.மீ. 5 மணியில் கடந்திருப்பதால் சராசரி வேகம் 48, பலரும் எழுதும் 50 அல்ல. இரு வேகத்திலும் சமமான நேரம் ஓடியிருந்தால் மட்டுமே 50 சரி. ஆகவே வினாவில் சமமாக இருப்பது தொலைவா, நேரமா என்பதைப் பார்த்துவிட்டே பேனாவை எடுக்க வேண்டும்.

மைலேஜுக்கும் இதே முறைதான். ஏறும்போது லிட்டருக்கு 10 கி.மீ., இறங்கும்போது 15 கி.மீ. கிடைத்தால், டீசல் 12 லிட்டரும் 8 லிட்டருமாக மொத்தம் 20 லிட்டர் செலவாகும்; சராசரி மைலேஜ் 12.5 அல்ல, 12. லிட்டர் 95 ரூபாய் என்று வினாவில் தந்திருந்தால் செலவு 1,900 ரூபாய்.

இந்தச் சராசரியையும் எல்லா இடத்திலும் நுழைக்கக் கூடாது. டேங்கில் 15 லிட்டர் மட்டும் போட்டுப் புறப்பட்டால் வண்டி எங்கே நிற்கும் என்று கேட்டால், 15-ஐ 12-ஆல் பெருக்கி 180 கி.மீ. என்பது தவறான விடை. ஏற்றத்துக்கே 12 லிட்டர் தீர்ந்துவிடுவதால், மீதி 3 லிட்டரில் இறக்கத்தில் 45 கி.மீ. மட்டுமே வர முடியும். மதுரைக்கு இன்னும் 75 கி.மீ. பாக்கி இருக்கும்.