மூன்று ஊர்களுக்கும் பொருந்தும் பொது வேலை நேரம்

எங்கள் குழுவினர் சிங்கப்பூர், சென்னை, லண்டன் என மூன்று ஊர்களில் இருக்கிறார்கள். எல்லாரும் சேர்ந்து இணைப்பில் இருக்க வேண்டிய நேரத்தைக் குறிக்குமுன், எந்த மணியை விட்டுத்தர முடியாது என்று ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள். கூட்டத்தில் கேட்டால் புதியவர்கள் வாய் திறக்க மாட்டார்கள்.

நான் இருக்கும் சிங்கப்பூரில் பெரும்பாலான பாலர் பராமரிப்பு நிலையங்கள் மாலை 7 மணிக்கு மூடுகின்றன. ரமலானில் நோன்பு திறப்பதும் அதையொட்டிய நேரம்தான். ஆகவே சிங்கப்பூரில் 6.30 மணியைத் தாண்டவே கூடாது. சென்னையில் 2 மணி வரை சாப்பாட்டு வேளை. லண்டனில் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு 9 மணிக்குத்தான் உட்கார முடியும்.

இனிக் கணக்கு. சென்னை நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். லண்டன் கோடையில் 7 மணி நேரம், குளிர்காலத்தில் 8 மணி நேரம் பின்னால். கோடையில் நம் மாலை 4.30 முதல் 6 வரை எடுத்துக்கொண்டால் சென்னையில் 2 முதல் 3.30, லண்டனில் காலை 9.30 முதல் 11. ஒன்றரை மணி நேரம் தாராளம். பேசித் தீர்க்க வேண்டியதை மட்டும் அதில் வைத்து, வேலை நிலவரத்தை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள்.

அக்டோபர் கடைசி ஞாயிறன்று லண்டன் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போகும். பெரும்பாலான குழுக்களில் அந்தச் சுமை முழுவதும் சத்தமில்லாமல் ஆசியாவின் தலையில் விழுகிறது. இதை நான் ஏற்பதில்லை. பாதிப் பாதியாகப் பிரியுங்கள்: நாம் அரை மணி தள்ளி 5 முதல் 6.30, சென்னை 2.30 முதல் 4, லண்டன் அரை மணி முந்தி 9 முதல் 10.30. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பின் பழையபடி மாற்றுங்கள். இரண்டு தேதிகளையும் ஆண்டுத் தொடக்கத்திலேயே நாட்காட்டியில் போட்டுவிடுங்கள்.

சான் பிரான்சிஸ்கோவில் ஒருவர் சேர்ந்தால் அவரை இந்த நேரத்துக்குள் இழுக்காதீர்கள். அங்கே அது நள்ளிரவு தாண்டிய வேளை. நம் காலை 8.30 அவருக்குக் கோடையில் முதல் நாள் மாலை 5.30, குளிர்காலத்தில் 4.30. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் வாரம் ஒருமுறை அவரோடு பேசிக் குறிப்பு எழுதினால் போதும், ஆளை முறைவைத்து மாற்றுங்கள். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம்: நமக்குத் திங்கள் காலை என்றால் அவருக்கு ஞாயிறு மாலை.

இவ்வளவு செய்தும் ஒருவருக்கு ஒத்துவராமல் போகலாம். சிங்கப்பூரில் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பிலுள்ள முத்தரப்பு வழிகாட்டியின்படி (அரசு, முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்தது), நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டை அவர் முறைப்படி கேட்கலாம். இரண்டு மாதத்துக்குள் முதலாளி எழுத்தில் பதில் தர வேண்டும். குழுத் தலைவர் அதற்கு முன்பே உட்கார்ந்து பேசிவிடுவது நல்லது. அவசரத்துக்கு யாராவது இரவில் கூட்டத்தில் உட்கார்ந்தால், மறுநாள் காலை அவரை அழைக்காதீர்கள்.