தொட்டியிலிருந்து ஏரிக்கு: அயல் உயிரினங்கள் விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொளத்தூரில் வண்ணமீன் வாங்கி வளர்க்கத் தொடங்குவோரும், விடுமுறை நாள்களில் ரெட்டேரி, மாதவரம் ஏரிக்கரைகளைச் சுத்தம் செய்ய வரும் இளைஞர்களும் ஒரே வகைத் தவறுகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். தீனியை அள்ளிப் போடுவது போன்ற சிறு பிழைகளை விட்டுவிட்டு, நீர்நிலைக்குக் கேடு செய்பவற்றை மட்டும் எழுதுகிறேன்.

வளர்க்க முடியாத மீனை ஏரியில் விடுவது

கண்ணாடியில் படியும் பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் சக்கர் மீன், வாங்கும்போது விரலளவுதான் இருக்கும். அது ஓரடியைத் தாண்டி வளர்ந்து, தொட்டிக்குள் திரும்பவும் இடமில்லாமல் போனபின், கொல்ல மனம் வராதவர்கள் அதை வாளியில் போட்டுக்கொண்டு ஏரிக்கு வருகிறார்கள். ரெட்டேரிக் கரையில் ஒரு தந்தையும் மகளும் அப்படி வந்தபோது, "எங்கேயாவது பிழைச்சுப் போகட்டும் சார்" என்றார் அந்தத் தந்தை. அந்த மீன் நிச்சயம் பிழைக்கும், சிக்கலே அதுதான். கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த மீனவரிடம் அவர்களை அழைத்துப் போனேன். ஒன்றரை அடிச் சக்கர் ஒன்று, அரம் போன்ற சொரசொரப்பான உடலும் விறைத்த துடுப்பு முட்களுமாக வலையில் பின்னிக் கிடந்தது. அதை எடுக்க அவர் பிளேடால் வலைக்கண்களை ஒவ்வொன்றாக அறுக்க வேண்டியிருந்தது. மகள்தான் முதலில் வாளியைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பினாள்.

தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீனின் உடல் முழுவதும் எலும்புத் தகடுகள் கவசமாக இருப்பதால், வளர்ந்த மீனை நம் விராலோ நீர்க்காகமோ எளிதில் விழுங்க முடியாது. நீரில் உயிர்வளி குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி, வயிற்றின் வழியாகவே மூச்சுவிடும். அதனால் கெண்டைகள் செத்து மிதக்கும் சாக்கடைத் தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். கரையில் வளை தோண்டி முட்டையிடுவதால் மண் சரிகிறது. நம் மீன்களுக்கு உணவாகும் பாசியை மேய்வதோடு, வழியில் கிடைக்கும் அவற்றின் முட்டைகளையும் விழுங்கிவிடுகிறது. ஓர் ஏரியில் விட்டது அந்த ஏரியோடு நிற்காது. புழல் ஏரியின் உபரிநீர் வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் வழியாக எண்ணூர் வரை போகிறது. வெள்ளக் காலத்தில் மீனுக்கும் அதுதான் வழி. இது எவ்வளவு பெரிதாக வளரும் என்பதை விற்கும்போதே சொல்லாத கடைகள்மீது எனக்கு இன்றும் ஆத்திரம் தீரவில்லை. வாங்குமுன் நீங்களே கேளுங்கள். வளர்க்க முடியாவிட்டால் கடையிலோ பெரிய தொட்டி வைத்திருப்பவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

வலையில் சிக்கிய சக்கர் மீனைத் திரும்ப நீரில் எறிவது

கூடவே கூடாது. நீருக்கு வெளியே பல மணி நேரம் உயிரோடிருக்கும் என்பதால், இறந்ததை உறுதிசெய்த பிறகே புதையுங்கள்.

எல்லா ஆமையையும் அயல் ஆமை என்று பிடிப்பது

கண்ணுக்குப் பின்னால் சிவப்புப் பட்டை இருந்தால் அது அமெரிக்காவிலிருந்து வந்த சிவப்புக்காது ஆமை. ஓடு மெத்தென்று தோல் போர்த்தியதுபோல் இருந்தால் அது நம் பாலாமை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதே குற்றம். ஐயம் வந்தால் தொடாமல் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

கொசுவை ஒழிக்கக் குளத்தில் கம்பூசியா விடுவது

1928-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட இந்த மீன், கொசுப்புழுவோடு தவளைக் குஞ்சுகளையும் மீன்குஞ்சுகளையும் தின்னும். தலையுச்சியில் வெள்ளிப் பொட்டு மின்ன, நீரின் மேற்பரப்பிலேயே திரியும் நம் முண்டக்கண்ணியும் கொசுப்புழுவைத் தின்னும் மீன்தான். அது இருக்கும் குளத்துக்குக் கம்பூசியா எதற்கு?

தொட்டி நீரை மழைநீர் வடிகாலில் கொட்டுவது

செடிக்கு ஊற்றுங்கள்.

காக்கா ஆழியைப் பிடுங்கி அங்கேயே போடுவது

எண்ணூர், பழவேற்காடு மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் இந்தக் கருஞ்சிப்பியும் அமெரிக்கக் கண்டத்துக் கடலோரங்களிலிருந்து வந்ததே. சேற்றுத் தரையில் பாய் விரித்தாற்போல் நெருக்கமாக ஒட்டிக்கொள்வதால், மஞ்சள் மட்டிக்கு இடமில்லை. இறால் புதைந்துகொள்ளவும் வழியில்லை. சேற்றில் கைவிட்டு இறால் தடவும் இருளர்களின் விரல்களை அதன் ஓட்டு விளிம்பு அறுத்துவிடுகிறது. உதவப் போகும் இளைஞர்கள் கொத்தாகப் பெயர்த்து, சுமக்க முடியாமல் ஓரத்தண்ணீரிலேயே தள்ளிவிடுகிறார்கள். உயிருள்ள சிப்பி ஒட்டும் நார்களைப் புதிதாக விட்டு மறுபடியும் ஒட்டிக்கொள்ளும். பெயர்த்த கொத்துகளைச் சாக்கில் கட்டி, அலையேற்றம் எட்டாத மேட்டில் கொட்டி வெயிலில் காயவிட வேண்டும். எந்தத் திட்டில் தொடங்குவது என்பதை அங்கே நாள்தோறும் இறங்குகிற மீனவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.